மாட்டுக் கொட்டகையில் அப்பாவின் கார்

1

போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பண்ணைக்காரர் டேவிட் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையெல்லாம் புழுதி. முகத்தில் பள்ளிக்கூடப் பையனுக்கு வருகிற மாதிரி ஒரு பரபரப்பு. “மோகன், நீ பஸ் மெக்கானிக்தானே, வந்து ஒன்றைப் பார்” என்றார்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். சுற்றிலும் ஆடு மேயும் மேடுகள், கல் அடுக்கிய வேலிகள், முக்கால்வாசி நாள் தூறல். பஸ் டிப்போவில் வேலை. கோத்தகிரிப் பக்கத்துக்காரனுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று பெருமை பேசிக்கொண்டு இங்கே வந்தேன். முதல் ஜனவரியிலேயே அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

டேவிட்டின் அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். பழைய தானியக் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார் டேவிட். உள்ளே வைக்கோல் கட்டுகளை நகர்த்த நகர்த்த, கதிரடிக்கும் மெஷினை ஓட்டிய ஒரு பெரிய எண்ணெய் எஞ்சின் முதலில் வெளியே வந்ததாம். அதற்குப் பின்னால் ஒரு கார். நான் போனபோது அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. மீதி வைக்கோலை இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டோம். வட்டமான விளக்குகள், எலி கடித்த தோல் இருக்கை, துருவேறிய பம்பர். பானெட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் இறுகியிருந்தது, ஆனால் உடையவில்லை. “கிளப்பிவிடலாம்” என்றேன்.

டேவிட் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் காரின் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். “இதை விற்றுவிட்டதாக அப்பா சொன்னார். நான் தினமும் இந்தக் கதவைத் தாண்டித்தான் போனேன்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நானே தள்ளி நிறுத்திய கார். எத்தனையோ வருடமாக அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

2

வீட்டை எங்கள் பக்கம் ஊடு என்போம். எங்கள் ஊடு கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே, ரோட்டிலிருந்து தேயிலைக்குள் இறங்கிப் போகிற பாதையில் இருக்கிறது. அப்பா ஒரு எஸ்டேட் மேனேஜருக்கு டிரைவர். மேனேஜர் குடும்பத்தோடு மலையை விட்டு மொத்தமாகப் போனபோது, ஷெட்டில் ஓடாமல் கிடந்த பழைய காரை, “நீயே வெச்சுக்கோ” என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழசு. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். அப்பா அதைச் சரி பண்ணிக் கொஞ்ச காலம் ஓட்டினார். கம்பிக்கு மசியாத நாட்களில் நானும், அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்த அக்கா சரோஜாவும் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இறக்கத்தில் கார் கிளம்பிவிடும். நாங்கள் சேற்றில் நிற்போம்.

ஒரு மழைக்காலத்தில் எஞ்சின் இறுகிக்கொண்டது. பாகம் எங்கும் கிடைக்கவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். பிறகு மாடு கூடியது, கொட்டகை நீண்டது, பின்பக்கம் சுவர் எழுந்தது. கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

நான் முதலில் மஸ்கட் போனேன். அங்கிருந்து இங்கே. அக்காவின் கணவர் இறந்த பிறகு அவள் அப்பாவோடு வந்து இருந்துகொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். விமானம் பிடித்து, கோயமுத்தூரில் இறங்கி, மலை ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காரியத்துக்கு மட்டும் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவோடு வீடியோவில் பேசுவது வழக்கம். டேவிட்டின் காரைப் பார்த்த மறுநாளும் கூப்பிட்டேன்.

“அக்கா, அப்பா கார் இன்னும் கொட்டகைல இருக்குதா?”

“இருக்குது.”

“எப்படி இருக்குது?”

“எப்படி இருக்கும்? இருக்குது.”

“ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்.”

“மேல தார்ப்பாய் போட்டு வைக்கோல் அடுக்கியிருக்குது தம்பி. அப்புறம் பாக்கலாம்.”

அடுத்த ஞாயிறும் கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறும். முட்டி வலி என்றாள், மாடு சினையாக இருக்கிறது என்றாள், மேகம் இறங்கிவிட்டது, உள்ளே வெளிச்சமில்லை என்றாள். அவள் பேச்சில் எங்கே தயங்குகிறாள் என்பது சின்ன வயதில் எனக்கு உடனே தெரியும். போன் வழியாகப் பேசிப் பேசி அந்தக் காது எனக்கு மழுங்கிவிட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

3

எனக்கு வெறி பிடித்துவிட்டது. பழைய வண்டிப் பிரியர்களின் இணையக் குழுக்களில் சேர்ந்தேன். பண்ணைக் கொட்டகைகளில் கண்டெடுத்த கார்களின் படங்களைப் பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. அப்பாவின் காரைச் சரி பண்ணி, ஊட்டி ரோட்டில் ஓட்டிப் போவதாகக் கற்பனை செய்துகொண்டேன். அப்பாவுக்குச் செய்யாமல் விட்டதையெல்லாம் அதில் செய்துவிடலாம் என்று எங்கோ ஒரு நப்பாசை.

வண்டி ரோட்டுக்கு வர வேண்டுமானால் காகிதம் வேண்டும். பதிவுப் புத்தகம் இன்னும் அந்த மேனேஜர் பெயரில் இருந்தது. அவரும் உயிரோடு இல்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நான் இன்னும் இந்நாட்டுக்காரனா அந்நாட்டுக்காரனா என்பதற்கு அத்தாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் இங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பினேன். அலைந்தது அக்கா. காலையில் பால் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து, கோத்தகிரி தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, “சார் மீட்டிங்ல இருக்காருங்க” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, சாயங்காலப் பால் கறவைக்குள் ஊடு திரும்புவாள்.

ஒரு ஞாயிறு அதைச் சிரிப்பாகச் சொன்னாள்.

“அந்த ஆபீசர் கேட்டாரு, ‘ஏனுங்கம்மா, உங்க தம்பி எங்க?’ வெளிநாட்டுலீங்கன்னேன். ‘எப்ப வருவாரு?’ன்னாரு. காருன்னா வருவானுங்கன்னேன்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அது குத்தியது.

இன்னொரு நாள் என் மகள் நிவேதாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் அவளுக்குப் புரியும். பேசும்போது வேற்றுமை உருபுகள் இடம் மாறிவிடும். தாத்தாவிடம் கார் இருந்ததா என்று கேட்க நினைத்து, “அத்தை, தாத்தா கார்ல இருந்தாரா?” என்று கேட்டுவிட்டாள். நானும் என் மனைவி பிரேமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா சிரிக்கவில்லை. “ஆமா கண்ணு” என்றாள். பிறகு, “மாடு கத்துது, போயிப் பாக்கறேன்” என்று எழுந்துவிட்டாள்.

4

டிசம்பரில் லீவு போட்டுத் தனியாக ஊருக்குப் போனேன். குன்னூரில் பழைய வண்டிகளைச் சரி பண்ணும் இஸ்மாயில் பாயிடம் முன்கூட்டியே பேசியிருந்தேன். வண்டி தூக்கும் லாரியோடும் இரண்டு ஆட்களோடும் வந்துவிட்டார். காரை வெளியே எடுக்கக் கொட்டகையின் பின்சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அக்கா மாடுகளைப் பக்கத்து வீட்டு ஜெயந்தியின் கொட்டகையில் கட்டிவிட்டு வந்தாள். “இடிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, வாசலில் தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். உள்ளே வரவில்லை.

சுவர் சுலபமாக விழுந்தது. வைக்கோலை அகற்றி, தார்ப்பாயை இழுத்தோம். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பின் இருக்கை நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. பஞ்செல்லாம் எலி இழுத்துப் போட்டு, கோழி முட்டை வைத்த குழியோடு. பானெட்டுக்குள் கூடு. டயர் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. டிரைவர் இருக்கை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதன்மேல் கம்பளி மடித்து விரித்திருந்தது. முதுகுக்கு ஒரு தலையணை. மிதிகள் மேல் சாக்கு மெத்தை போலச் சுருட்டிக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். இருக்கையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, பழைய சேலை ஒன்றைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது. பஸ்ஸில் சின்னக் குழந்தையை விழாமல் கட்டி வைப்பது போல.

“யாரோ குடியிருந்திருக்காங்க பாய்” என்று சிரித்தேன்.

டீ கொண்டு வந்த ஜெயந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பெரியவரு இருந்த எடமாச்சுங்களே அண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியாது. நான் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா தொட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அது கொஞ்சமில்லை. கதவு திறந்திருந்தால் போதும், வெளியே போய்விடுவார். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். அதன் பக்கத்திலேயே போய் நின்றிருக்கிறார். ஒரு தடவை மெயின் ரோட்டில் லாரிக்கு முன்னால் கையை நீட்டி நிறுத்தி, வழிவிடச் சொல்லியிருக்கிறார். கட்டிப் போடவும் மனசில்லை, விட்டுவிட்டு மாடு பார்க்கவும் முடியவில்லை. ஒரு நாள் காணாமல் போனவரைத் தேடி ஊரே அலைந்தபோது, அவர் கொட்டகையில் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

“அதுலயிருந்து காலைல டீயக் குடிச்சதும் அங்க உக்கார வெச்சு, சாஞ்சு விழாம சேலையால ஒரு முடிச்சுப் போட்டிருவேன். ஸ்டியரிங்கத் திருப்பிட்டே இருப்பாரு. வாயாலயே ஆரன் அடிப்பாரு. நான் சாணி அள்ளி, பால் கறந்து, புல்லு அறுத்துட்டு வர்ற வரைக்கும் ஒரு தொல்லை கெடையாது. ‘எங்க போகோணுங்க?’ன்னு கேப்பாரு. குன்னூர் போங்கம்பேன். ஊட்டி போங்கம்பேன். ஓட்டுவாரு. சில நாள் அவரே சொல்லுவாரு, ‘மோகன் வர்றான், கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகோணும்’னு. அன்னிக்கெல்லாம் எறங்கவே மாட்டாரு.”

“எத்தனை நாள்க்கா?”

“நாளா? வருசம்டா.”

“ஞாயித்துக்கெழமை பேசும்போதெல்லாம் நல்லாத்தானே இருந்தாரு? சட்டையெல்லாம் போட்டு...”

“நான் போட்டு விட்டேன். தலை சீவி, பொத்தான் மாட்டி, போனுக்கு முன்னாடி உக்கார வெச்சேன். நீ ‘சாப்பிட்டீங்களாப்பா’ம்பே. தலையாட்டுவாரு. அவ்வளவுதானே நீயும் கேப்பே.”

“ஏங்க்கா சொல்லல?”

இப்போதுதான் நிமிர்ந்தாள். கோபமெல்லாம் இல்லை. “சொன்னா வந்திருப்பியா? ஒரு வாரம் வருவே, அழுவே, போயிருவே. அப்புறம் உனக்கும் அங்க சோறு எறங்காது. ரெண்டு பேரு எதுக்குக் கஷ்டப்படோணும்?”

நான் கொட்டகைக்குள் திரும்பிப் போய், “வேண்டாம் பாய், கார் இங்கயே இருக்கட்டும். சுவரைத் திரும்பக் கட்டிக்கறேன்” என்றேன். அந்த இருக்கையை அப்படியே வைத்திருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று தோன்றியது. பாய் ஒன்றும் புரியாமல் என் பின்னால் பார்த்தார். அக்கா வந்து நின்றிருந்தாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“இதுதான் எனக்குப் புடிக்காது. நாலு மாசமா காரு காருன்னு என் உயிர வாங்கினே. சரி, எடுத்துட்டுப் போகட்டும்னு மனசத் தேத்திட்டேன். இப்ப உனக்கு மனசு வலிக்குதுன்னு நான் இதுக்குக் காவல் இருக்கோணுமா? அவரு போனதுலயிருந்து தார்ப்பாயப் போட்டு மூடிட்டு இந்த மூலைக்கே நான் வர்றதில்ல. கன்னுக்குட்டி நிக்க எடமில்லாம மழையில நனையுது. எடுத்துட்டுப் போகச் சொல்லு!”

அவளே காருக்குள் குனிந்து சேலை முடிச்சை அவிழ்த்தாள். இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கம்பளியையும் தலையணையையும் ஜெயந்தியிடம் கொடுத்தாள்.

லாரியின் கம்பிக்கயிறு இழுத்தபோது முதலில் கார் அசையவே இல்லை. பிறகு அடியில் எங்கோ முனகிக்கொண்டு, சக்கரம் சுற்றாமல் தேய்ந்தபடியே, இடிந்த சுவர் வழியாக வெளியே வந்தது. வெயில் பட்டதும் அதன் பச்சை நிறம் தெரிந்தது. கறுப்புக் கார் என்றுதான் நான் டேவிட்டிடம் சொல்லி வைத்திருந்தேன். காகிதம் எதுவும் முடியவில்லை, ரோட்டில் ஓடாது என்று பாயிடம் சொன்னேன். “நிக்கட்டும் சார், அழகா நிக்க வெப்பேன்” என்றார். அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். லாரி வளைவில் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பார்க்கவில்லை. அந்த மூலையைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்திருந்தாள்.

சுவரைக் கட்டி முடித்த அன்று, உனக்கு என்னக்கா வேணும் என்று கேட்டேன். குற்ற உணர்ச்சியில் கேட்ட கேள்வி. பெரிதாக எதையாவது கேட்க மாட்டாளா என்றிருந்தது.

“முட்டிய ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிட்டே இருக்காரு. மேட்டுப்பாளையத்துல எம்பொண்ணு கைக்குழந்தைய வெச்சிருக்கா, அவளக் கூப்பிட முடியாது. மாட்ட யாரு பாக்கறதுன்னு தள்ளிப் போட்டுட்டே வந்துட்டேன். மார்ச்சுல நீ வர்றியா?”

“வர்றேன்.”

“சொன்னா வருவியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று உடனே அடங்கினேன்.

5

இங்கே திரும்பி வந்து டிப்போவில் லீவு கேட்டால், விண்ணப்பத்தில் நெருங்கிய உறவு என்று மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டும்தான் இருந்தார்கள். அக்காவுக்கு இடமில்லை. மேலாளரிடம், “என்னை வளர்த்தவள்” என்று சொல்லப் போய், ஆங்கிலத்தில் அது வளர்ப்புத் தாய் என்று ஆகிவிட்டது. அவர் பரிவோடு தலையாட்டினார். நான் திருத்தவில்லை. சம்பளமில்லாத லீவு கிடைத்தது.

கோயமுத்தூரில் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. அக்காவை ஊட்டுக்குக் கூட்டி வந்தேன். அதன் பிறகுதான் வேலை ஆரம்பித்தது. மாடு என் கைக்கு மடி விடவில்லை. ஜெயந்தி வந்து பக்கத்தில் நின்றால்தான் பால் இறங்கும். சாணி, புல், பால் சொசைட்டி, சமையல். நடுவில் அக்காவின் முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். கக்கூசுக்குத் தோளில் தாங்கிக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு வெட்கம், எனக்குச் சங்கடம். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்போம்.

ஒரு காலை நல்ல மழை. மாடு உதைத்துப் பால் வாளி கவிழ்ந்துவிட்டது. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன், உள்ளேயிருந்து “தம்பி... தம்பி...” என்று அக்கா. “வர்றேன்” என்றேன். மறுபடியும் “தம்பி”. மறுபடியும். நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

“ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டியா? எனக்கென்ன நாலு கையா இருக்குது? சும்மா சும்மா தம்பி தம்பின்னு! ஏண்டா வந்தேன்னு இருக்குது!”

உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். வெந்நீர் கொண்டு வந்து துடைத்து, சேலை மாற்ற ஜெயந்தியைக் கூப்பிட்டேன். ஜெயந்தி போன பிறகு படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊட்டில் யாரும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அக்காதான் பேசினாள்.

“தம்பி, நான் அப்பாவ அடிச்சிருக்கேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதே மாதிரி மழை. கார்லயே எல்லாம் போயிட்டாரு. எறங்குங்கப்பா, கழுவி விடறேங்கறேன், எறங்க மாட்டேங்கறாரு. ஸ்டியரிங்க விடவே மாட்டேங்கறாரு. மாடு வேற கத்துது. எனக்குக் காலைலயிருந்து பச்சத் தண்ணி எறங்கல. கைய ஓங்கி அடிச்சுட்டேன். அந்தக் கை மேலயே. ரெண்டு அடி.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குரல் தாழ்ந்துவிட்டதால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அவரு அழுகக்கூட இல்லடா. என்னைப் பாத்து, ‘ஏனுங்கம்மா, வண்டி எங்க மொதலாளிதுங்க. சொல்லாம நான் எறங்கக் கூடாதுங்க’ன்னாரு. அவ்வளவு மரியாதையா. என்னை யாருன்னே தெரியல அவருக்கு. யாரோ ஒருத்தி வந்து அடிக்கறான்னு நெனச்சுட்டு, அவளுக்கும் மரியாதை குடுத்துப் பேசறாரு.”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அப்பாவின் காரியத்துக்கு நான் வந்திருந்தபோதுகூட அக்கா எனக்கு முன்னால் அழவில்லை. எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போனில் அழுததில்லை. ஒருவேளை போனை வைத்த பிறகு அழுதிருப்பாள். நான் நாட்டை விட்டுப் போனதிலிருந்து அவள் அழுகிறபோது அதே அறையில் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

பரவாயில்லக்கா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. மழை விட்ட பிறகு, “போயி மாட்டுக்குப் புல்லு போடு” என்றாள். எழுந்து போனேன்.